காசிச் செம்பும் கணக்கேடும்

நேமத்தான்பட்டி, கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என நகரத்தார் ஊர்களின் பழைய வீடுகள் பலவற்றில், சாமி அறை மாடத்தில் கையடக்கமான செம்புச் சொம்பு ஒன்று இருக்கக் காணலாம். அதன் வாய் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது கங்கை நீர். அதனை அன்றாடப் பூசைக்கு எடுப்பதில்லை. வீட்டின் மூத்தோர் ஒருவர் இறுதி மூச்சுக்குத் தவிக்கும் வேளையில்தான் அது திறக்கப்படும். சாலை வழியே ஈராயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து அது வந்தது. கொண்டு வந்தவர் யார், எந்த ஆண்டில், யார் யாருடன் சென்றார் என்று கேட்டால், வீட்டார் பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு மேல் சொல்ல அறியார். சொம்பு இருக்கிறது, பயணம் மறைந்துவிட்டது. செட்டிநாட்டின் வடதிசைப் பயண வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுவே.

வடநாட்டைத் தமிழர் காலால் அறிந்ததற்கு முன்னரே பாட்டால் அறிந்திருந்தனர். வேங்கடத்திற்கு அப்பால் மொழி மாறும் நாடுகளுக்குப் பொருள் தேடிச் சென்ற தலைவன் சங்க இலக்கியத்தில் அடிக்கடி வருகிறான். நந்தர் பாடலிபுரத்தில் சேர்த்துக் கங்கையடியில் மறைத்து வைத்த செல்வத்தை மாமூலனார் அறிவார். இவற்றினும் வியப்புக்குரியது, இமயத்தைப் பற்றிய செய்திகள் விலங்குகளோடு பின்னி வருவதே. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் காட்டும் இமயம், அந்தணர் வேள்வித்தீயின் ஒளியில் மான் துயிலும் மலை. பதிற்றுப்பத்தில் குமட்டூர்க் கண்ணனார் காட்டும் இமயத்தில், அருவியையும் நரந்தம்புல்லையும் கனவில் கண்டவாறு கவரி உறங்குகிறது. குறளில் வரும் கவரிமா எந்த விலங்கு என்று பட்டிமண்டபம் நடத்துவோர், கண்ணனாரின் கவரி பனிமலையில் புல் மேய்வது என்பதை நினைவில் கொண்டால் வாதம் பாதியாகக் குறையும். அவர் இமயத்தை நேரில் கண்டாரோ, கண்டு வந்த வணிகர் வாய்க் கேட்டாரோ. விலங்கின் உறைவிடமும் உணவும் பிழையின்றி வந்து சேர்ந்துள்ளன. அத்தகைய செய்தி தானே நடந்து வாராது. அதைச் சுமந்து வந்த கால்கள் இருந்திருக்க வேண்டும்.

சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டித் தெற்கே கொணர்ந்ததைச் சிலப்பதிகாரம் விரிக்கிறது. அக்கல் யாருக்காக வந்ததோ அந்தக் கண்ணகியும் அவள் கணவனும் புகார் வணிகர் குடியினர். தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்குப் பெயர்ந்தோர் என்பது நகரத்தாரின் மரபுரை. மரபுரையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், வடக்கேயிருந்து ஒன்றைச் சுமந்து வந்து தெற்கே நிறுவுவது என்னும் செயலின் பழமையை அது நினைவூட்டுகிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் பாண்டியர் தென்காசியில் விசுவநாதருக்குக் கோயில் எடுத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் அதிவீரராம பாண்டியர் காசிக் காண்டத்தைத் தமிழில் பாடினார். அடுத்த நூற்றாண்டில் குமரகுருபரர் நேரே காசிக்கே சென்று மடம் நிறுவினார். முகலாய அவைக்கு அவர் சிங்கத்தின் மீதேறிச் சென்றார் என்பது மடத்து வழக்கு. சிங்கம் உண்மையோ அன்றோ, அயல்மொழி அவையில் வாதிடுமுன் அம்மொழியைப் பெறக் கலைமகளைப் பாடினார் என்ற பகுதி, மொழியறியா நாட்டில் ஒரு தமிழர் எதிர்கொண்ட முதல் தடையை உள்ளவாறே சொல்கிறது. பின்னர் அம்மடத்தின் தலைமையிடம் திருப்பனந்தாளுக்கு மாறியது. காசிக் கிளை இன்றும் கேதார கட்டத்தில் உள்ளது.

இம்மரபின் மேல்தான் நகரத்தார் வந்து சேர்கின்றனர். ஆனால் அவர்கள் சென்ற வழி வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவர்களுடைய வாணிகம் கல்கத்தாவைத் தொட்டிருந்தது; நூற்றாண்டின் நடுவில் பர்மா திறந்தது. கல்கத்தாவிலிருந்து கங்கைக் கரையோடு மேற்கே சென்றால் காசி. ஆகவே கடல்வழி வாணிகம் தந்த வாய்ப்பைத் தலயாத்திரைக்குப் பயன்படுத்திக்கொண்டனர். காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1863ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பிரயாகை, கயை, அயோத்தி, கல்கத்தா ஆகிய இடங்களிலும் நகரத்தார் சத்திரங்கள் உண்டு. ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் வரிசையாக இணைத்தால் யாத்திரை வழியே தெரியும். பயண நூல் எழுதாத ஒரு சமூகம் தன் பயண நூலைக் கட்டடங்களாக எழுதிற்று எனலாம்.

சத்திரம் தங்குமிடம் மட்டும் அன்று. காசி விசுவநாதர் பூசைக்கான பால், மலர், வில்வம், சந்தனம் முதலிய பொருள்கள் சத்திரத்திலிருந்து நாள்தோறும் கோயிலுக்குச் செல்கின்றன. சுமந்து செல்வோர் சிவநாமம் முழங்கியவாறு சந்துகளில் நடப்பதால் அதற்குச் 'சம்போ' என்றே பெயர் வந்துவிட்டது. விசாலாட்சி கோயிலையும் நகரத்தாரே திருப்பணி செய்து பேணி வருகின்றனர். பூசை மலருக்கென நகரின் சிக்ரா பகுதியில் நந்தவனத்திற்காக வாங்கிய நிலம் நெடுங்காலம் கைவிட்டுப்போய், அண்மைக் காலத்தில் மீட்கப்பட்டு, அவ்விடத்தில் எழுந்த புதிய சத்திரம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. நந்தவனம் மாடிக் கட்டடமானதைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். பயணிக்கு இப்போது தேவை பூவா அறையா என்ற கேள்விக்கு அறை என்று காலம் விடை கூறியிருக்கிறது.

இனி, பயணக் குழுவைப் பார்ப்போம். காசிக்குத் தனியே செல்வது வழக்கமன்று. பெருங்கூட்டமாகச் செல்வதும் எளிதன்று. பங்காளிகளும் சம்பந்திகளும் அண்டை வீட்டாருமாகப் பத்துப் பன்னிருவர் கூடுவர். உடன் ஒரு சமையற்காரர். அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மாவுருண்டை, சீடை என்று வழியுணவு தகரப் பெட்டிகளில் ஏறும். முறைப்படி செல்வோர் முதலில் இராமேசுவரம் சென்று கடலாடி மணல் எடுப்பர். அம்மணலைப் பிரயாகையில் திரிவேணியில் கரைத்து, காசி, கயைக் கடன்களை முடித்து, கங்கை நீருடன் திரும்பி இராமேசுவரத்தில் அபிடேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவுறும். தென்கடல் மணல் வடக்கே போகிறது. வடவாற்று நீர் தெற்கே வருகிறது. வரவும் செலவும் ஒத்துவரும் இந்த ஏற்பாடு கணக்குப் பிள்ளைகளின் மனத்திற்கு இயல்பாகவே உகந்ததாயிருந்திருக்கும்.

குழுவில் பெண்களின் இடம் தனித்துக் கருதத்தக்கது. ஆடவர் மூன்றாண்டுக் கணக்கிற்கு இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சென்று வந்தனர். மனைவியரோ ஊரிலேயே இருந்து, அந்தப் பெரிய வீடுகளை ஆண்டனர். கடல் கடந்த ஊர்கள் அவர்களுக்குக் கடிதத்திலும் தேக்கு மரத்திலும் மட்டுமே வந்தன. அத்தகைய ஓர் ஆச்சிக்குத் தன் ஊர் எல்லையைக் கடந்து நெடுந்தொலைவு செல்ல உலகம் மறுக்காத காரணம் ஒன்றே ஒன்றுதான்: காசி. சமயக் கடமை என்ற பெயரில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பெருநாடு. கோதாவரியின் அகலத்தையும், விந்தியக் காட்டையும், கோதுமை வயலையும், மாரிக்காலத்தன்றி வறண்டுகிடக்கும் பல்குனி ஆற்றையும் ஒருவர் தம் ஐம்பதாம் அகவையில் முதன்முறை காண்பதன் பொருளை எந்தக் கணக்கேடும் பதியவில்லை.

ஏடுகள் இல்லாமலில்லை. புகைவண்டிச் செலவு, சத்திரத்துக்குக் கொடுத்தது, பிண்டச் செலவு, பண்டாவுக்குத் தட்சிணை, சொம்பு வாங்கியது என்று காலணா பிசகாமல் எழுதும் மரபினர் அவர்கள். கண்டதை எழுதுவது அவர்கள் மரபன்று. இதனோடு ஒப்பிடத் தெலுங்கில் ஒரு நூல் உண்டு. சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் நூறு பேரளவில் ஒரு குழுவோடு காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். வழியிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் 1838இல் 'காசியாத்திரா சரித்திர'மாக வெளிவந்தன. சாலை, ஊர், சாதி, விலைவாசி, காடு என்று அதில் இல்லாதது குறைவு. வீராசாமி அரசு அலுவலர். குறிப்பெழுதுவது அவர் தொழிலின் நீட்சி. வணிகரின் தொழில் வழக்கமோ மறைபொருள் காப்பது. ஒருவரின் மௌனத்தைக் குறையாகக் கொள்ளுமுன் அவர் தொழிலைக் கருத வேண்டும்.

அம்மௌனத்தை உடைத்தவரும் செட்டிநாட்டினரே. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ. கே. செட்டியார் உலகைச் சுற்றினார்; காந்தியடிகளைப் பற்றிய படத்துண்டுகளைப் பல நாடுகளில் தேடித் திரட்டி 1940இல் முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டார்; 1943 முதல் 'குமரி மல'ரை நடத்தினார். தம் பயணங்களை எழுதியதோடு அவர் நிற்கவில்லை. பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்திருந்த பிறருடைய பயணக் கட்டுரைகளை அகழ்ந்தெடுத்துத் தொகுத்தார். தம்மைப் பின்னிறுத்திப் பிறர் கண்டதை முன்வைக்கும் அப்பண்பு எழுத்தாளரிடை அரிது. அவர் திரட்டியவை அச்சேறியவை. அச்சேறாதவை ஆச்சிமாரின் நினைவில் இருந்து, அவர்களோடு போயின.

அவர்கள் எவற்றைக் கடந்து சென்றனர் என்பதை இன்று கல்வெட்டுகளின் துணைகொண்டு காணலாம். திரிவேணியில் மணலைக் கரைத்த குழு, அதன் அருகிலேயே அக்பர் 1583இல் தொடங்கிய கோட்டையைக் கண்டிருக்கும். அதனுள் அட்சயவடம் என்னும் ஆலமரமும் பாதாளபுரிக் கோயிலும் உள்ளன. அதே கோட்டைக்குள் அசோகரின் தூண் ஒன்றும் நிற்கிறது. கோட்டை இராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால் தூணை எளிதில் காண இயலாது. அத்தூணில் மூன்று காலத்து எழுத்துகள் உள்ளன. நடுக்காலத்தது சமுத்திரகுப்தனின் புகழுரை. அரிசேனர் இயற்றிய அவ்வுரையில், தென்திசையில் சமுத்திரகுப்தன் வென்று விடுவித்த அரசருள் ஒருவனாகக் காஞ்சி விட்டுணுகோபன் குறிக்கப்படுகிறான். தமிழ்நாட்டு ஊரொன்றின் பெயர் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கங்கைக் கரைக்கு அருகே கல்லில் நிற்க, அவ்வூரைக் கடந்து வந்த தமிழர் அதனை அறியாமலே ஆலமரத்தைச் சுற்றி வந்தனர். பிற்காலத்து எழுத்து முகலாயப் பேரரசர் சகாங்கீருடையது. அது அசோகரின் வரிகள் சிலவற்றை அழித்துக்கொண்டு ஓடுகிறது.

முதற்காலத்து எழுத்தே இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதது. அசோகரின் தூண் ஆணைகள் ஆறு அதில் உள்ளன. ஐந்தாம் ஆணை, முடிசூடி இருபத்தாறு ஆண்டுகளான பின் அவர் கொல்லக்கூடாதென விலக்கிய உயிர்களின் பட்டியல். கிளி, மைனா, சக்கரவாகம், அன்னம், வௌவால், ஆமை, முள்ளம்பன்றி என்று அது நீள்கிறது. சூலுற்றவையும் பாலூட்டுபவையுமான ஆடும் பன்றியும் கொல்லப்படலாகா. தேவையின்றிக் காட்டுக்குத் தீ வைக்கலாகாது. பட்டியலில் 'கங்காபுபுடகம்' என்றொரு பெயர் வருகிறது. அது கங்கை ஓங்கிலாக இருக்கலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து. பாறை ஆணைகளில் சோழரையும் பாண்டியரையும் கேரளபுத்திரரையும் பெயர் சொல்லி, அவர்கள் நாடுகளிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி ஏற்படுத்தியதாகக் கூறிய அதே அரசரின் சொற்கள் இவை. எழுத்தைப் படிக்கும் வழி 1837இல் சேம்சு பிரின்செப்பால்தான் மீண்டும் கிடைத்தது. அதற்கு முன் பத்தாண்டு காலம் அவர் காசி நாணயச் சாலையில் பணியாற்றியவர்.

அத்தூணிலேயே சிறிய ஆணை ஒன்று தனியே வெட்டப்பட்டுள்ளது. அதனை 'அரசியின் ஆணை' என்பர். இரண்டாம் அரசியும் தீவரனின் தாயுமான காருவாகி கொடுத்த கொடைகள் எவையாயினும், அவை மாந்தோப்பாயினும் பூங்காவாயினும் அறச்சாலையாயினும், அவள் பெயரிலேயே கணக்கில் வைக்கப்பட வேண்டும் என்று அது அலுவலருக்குக் கட்டளையிடுகிறது. நகரத்தார் மரபறிந்தவர் இவ்வரிகளைக் கடந்து செல்ல முடியாது. நந்தவனமும் சத்திரமும் இவர்கள் அறத்தின் இரு கண்கள்; கணக்கு இவர்கள் உயிர். தோப்பும் அறச்சாலையும் கணக்கும் ஒரே கல்லில், ஒரு பெண்ணின் பெயரோடு, பிரயாகையில் நிற்கின்றன. ஆயின் செட்டிநாட்டுக் கல்வெட்டுகளிலும் அறக்கட்டளைப் பலகைகளிலும் கணவர், மகன் பெயர்களின் எழுத்துவரிசை விரிய, ஆச்சியின் பெயர் பல இடங்களில் இல்லை. இருந்தாலும் இறுதியில் வருகிறது. சீதனப் பணத்தைத் தனிக்கணக்காக எழுதி வட்டி பெருக்கத் தெரிந்த சமூகம் இது. பெண்ணின் பொருளுக்குக் கணக்கு வைத்தவர்கள் அவள் பயணத்திற்கு வைக்கவில்லை.

காசிக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டரளவில் சாரநாத். சைவக் குழுக்கள் முன்னாளில் இங்கு அதிகம் வந்ததில்லை. கடன் தீர்க்கும் தலம் அன்று என்பது காரணம். ஆனால் ஊர்ப் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் சாரங்கநாதர், அதாவது மான்களின் தலைவர், அங்கே சிவனாகக் கோயில் கொண்டுள்ளார். பௌத்தர் கதையிலோ மான்களின் தலைவன் புத்தரே. சூலுற்ற பெண்மானுக்கு மாற்றாகத் தன் கழுத்தை நீட்டிய முற்பிறப்பு மான். கதையைக் கேட்டு அரசன் விட்டுக்கொடுத்த காடே மான்பூங்கா என்பர். அங்கே அகழ்வில் 1904-05இல் வெளிவந்த அசோகரின் சிங்கத் தலைப்பு இன்று நாட்டின் சின்னம். சிங்கங்களுக்குக் கீழே யானை, காளை, குதிரை, சிங்கம் என நான்கு விலங்குகள் பீடத்தைச் சுற்றி நடக்கின்றன. அவற்றைக் காணக் குனிய வேண்டும்; பலர் நிமிர்ந்தே பார்த்துச் செல்கின்றனர்.

சாரநாத்தில் இன்னொரு பாடமும் உண்டு. தர்மராசிகத் தூபி என்னும் பெருந்தூபி இன்று வெறும் வட்ட அடித்தளம். காசி அரசர் சேத்சிங்கின் திவான் சகத்சிங் 1794இல் சந்தை கட்டச் செங்கல் வேண்டி அதனை இடித்தெடுத்தார். இரண்டாயிரம் ஆண்டு நின்றது, விலைமலிந்த செங்கல்லாயிற்று. இதைப் படிக்கும் காரைக்குடியார்க்கு முனீசுவரன் கோயில் தெரு நினைவுக்கு வரும். இடிந்த செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவும் தூணும் மரப்பெட்டியும் வண்ணக் கண்ணாடியும் அங்கே கடைகளில் அடுக்கப்பட்டுள்ளன. வாங்குவோர் நல்ல இரசிகர்கள். பொருள்கள் எங்கோ வாழும். ஆனால் கதவு விற்கும் நாளில் பரண் கூட்டப்படுகிறது. பரணிலிருந்த ஏடுகளுக்கு வாங்குவோர் குறைவு. சகத்சிங் தூபியினுள் கண்டெடுத்த பேழையைப் பற்றியேனும் ஆங்கிலேய அலுவலர் ஒருவர் எழுதிவைத்தார். பரண் ஏட்டுக்கு அந்தப் பேறும் இல்லை.

உயிரினங்களின் செய்திக்கு மீண்டும் வருவோம். கங்கை ஓங்கிலின் பார்வை மிக மங்கலானது. ஒலியெழுப்பி எதிரொலியால் வழியறிவது. மூச்சுக்காக ஒரு கணம் நீர்மேல் வளைந்து மறையும். படகில் சென்ற பழைய பயணிகள் அதனைக் கண்டிருப்பர். கண்டவர் மகரம் என்றோ பெருமீன் என்றோ எண்ணியிருப்பர். கங்கையின் ஊர்தி மகரம் அல்லவா? 2009இல் அது நாட்டின் நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் வெளியான முதல் நாடளாவிய கணிப்பு, இந்திய ஆறுகளில் 6,327 ஓங்கில்கள் உள்ளதாகக் கூறியது. காசியின் படித்துறைகளில் இன்று அதனைத் தேடிப் பயனில்லை. கோமதி வந்து கலக்கும் கைத்திப் பக்கம் செல்ல வேண்டும். அசோகர் பட்டியலில் இருந்த ஆமைக்காகக் காசியில், இராம்நகர்க் கோட்டைக்கும் மாளவியா பாலத்துக்கும் இடையே 7 கிலோமீட்டர் நீளத்தில், 1989இல் சரணாலயம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 2020இல் அவ்வறிவிப்பு நீக்கப்பட்டது. கல்லில் வெட்டிய ஆணையின் ஆயுள் வேறு, அரசிதழின் ஆயுள் வேறு.

அயோத்திக்கும் பிரயாகைக்கும் இடைப்பட்ட வயல்களில் சாரசக் கொக்குகள் இணையிணையாக நிற்கும். ஆளுயரப் பறவை, சிவந்த தலை, ஒன்று குரல் கொடுக்க மற்றது முடிக்கும். அன்றில் இன்ன பறவை என்பதில் அறிஞர்க்குள் ஒருமைப்பாடு இல்லை. இது அன்றில் என்று துணிய இடமில்லை. ஆயினும் அகநானூறும் குறுந்தொகையும் படித்த ஒருவர் அவ்வயலோரம் வண்டியை நிறுத்தாமல் போவது அரிது.

காசியையும் காரைக்குடியையும் கவிதையால் இணைத்தவர் பாரதியார். 1898 முதல் 1902 வரை அனுமான் கட்டத்தில் அத்தை குப்பம்மாள் வீட்டில் வாழ்ந்தார். தலைப்பாகையும் மீசையும் அந்நகரம் தந்தவை. அவரே 1919இல் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்து, 1917இல் தோன்றிய இந்து மதாபிமான சங்கத்தைப் பாடினார். காசிக்குச் சென்ற செட்டிநாட்டார் பலர். காசியிலிருந்து செட்டிநாட்டிற்கு வந்த கவிஞர் ஒருவர். அன்று அவர் பேச்சைக் கேட்ட இளைஞருள் சிலர் வீட்டிலேனும் காசி சென்று மீண்ட பாட்டிமார் இருந்திருப்பர். படித்துறைகளைப் பற்றி அவர்களும் பாரதியாரும் பேசிக்கொண்டிருந்தால் என்ன பேசியிருப்பர் என்பது கற்பனைக்கு நல்ல பொருள்.

இன்றைய குழுக்கள் விமானத்திலும் விரைவு வண்டியிலும் செல்கின்றன. எட்டு நாளில் காசி, கயை, அயோத்தி, பிரயாகை முடிகின்றன. 2021இல் விரிந்த விசுவநாதர் கோயில் வளாகத்தில் பழைய சந்துகள் சில இல்லை. சாரநாத்தும், நேரமிருந்தால் கசுராகோவும், அங்கிருந்து பன்னா புலிக்காடும் இப்போது நிரலில் சேர்கின்றன. கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கப்படுகிறது. ஊர் திரும்பியதும் அவை காணாமற்போகின்றன. வழியுணவுத் தகரப் பெட்டி மட்டும் மாறவில்லை; புளிக்காய்ச்சல் பிளாத்திக்குப் பைக்கு மாறியதோடு சரி.

முற்காலத்து ஆச்சிமார் ஒரு சொம்போடு திரும்புவதில்லை. மக்கள், மருமக்கள், கொண்டு கொடுத்த வீட்டார், வீட்டில் வேலை செய்தவர் என்று ஆளுக்கொன்றாக எண்ணி வாங்கி வந்து, வீடு வீடாகச் சென்று தம் கையாலேயே கொடுப்பர். கொடுக்கும்போது திண்ணையிலோ வளவிலோ அமர்ந்து கண்டதைச் சொல்வர். காசியில் விட்டுவந்த காய் எது, கனி எது என்று கேட்பார்க்கு விடை சொல்வர். சமையற்காரர் கயையில் வழி தப்பியதையும், துர்க்கை கோயில் குரங்கு மாவுருண்டைப் பொட்டலத்தைப் பறித்ததையும் சொல்லிச் சிரிப்பர். கடைசிச் சொம்பைத் தமக்கென வைத்துக்கொள்வர். அதன் மூடியில் சிலர் தம் பெயரின் முதலெழுத்தை ஆணியால் கீறி வைத்திருக்கின்றனர்.